எண்ணெய் குடித்த பலகை

எங்கள் வீட்டில் இருந்த ஒரே கட்டில் செர்ரி மரத்தால் ஆனது. இதைச் சொன்னபோது திண்டுக்கல்லில் யாரும் நம்பியதில்லை. செர்ரி என்றால் எங்கள் ஊருக்குத் தெரிந்தது பேக்கரியில் பன்னின் நடுவே பதித்து வைக்கும் சிவப்பு உருண்டை மட்டும்தான். அந்த உருண்டைக்கு ஒரு மரம் உண்டு, அந்த மரத்தை அறுத்துக் கட்டில் செய்வார்கள், அதில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் படுத்துத் தூங்குவார் என்பதெல்லாம் கேட்பவர்களுக்குக் கதையாகவே பட்டது.

அப்பா அதைக் கொடைக்கானலிலிருந்து கொண்டுவந்தார். அங்கே பல காலம் இருந்த ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் சொந்த நாட்டுக்கே திரும்பிப் போனபோது வீட்டுச் சாமான்களை வாசலில் வைத்து விற்றது. அப்பா போனது ஒரு மேசை விளக்கு வாங்குவதற்காக. திரும்பி வந்தது முட்டைக்கோஸ் லாரியில், கட்டிலோடு. விளக்கை வாங்க மறந்துவிட்டார். அவர்களுடைய பாட்டன் காலத்தில் கப்பலில் வந்த கட்டில் அது என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். பால் அதிகம் விடாத காப்பியின் நிறம். தலைமாட்டில் ஆள் உட்கார்ந்து சாய்கிற உயரத்துக்கு ஒரு பெரிய பலகை. அப்பா மாலையில் அந்தப் பலகையின் இடது பக்கம் சாய்ந்துகொண்டு பரீட்சைத் தாள் திருத்துவார். அம்மா வலது பக்கம் சாய்ந்துகொண்டு அவர் கூட்டிப்போட்ட மதிப்பெண்களைச் சரிபார்ப்பாள். நான் கால்மாட்டில் கிடப்பேன்.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது அப்பா மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். அதற்குப் பிறகு அந்தக் கட்டிலில் யாரும் படுக்கவில்லை. அம்மாவும் நானும் அதன் பக்கத்தில் பாய் விரித்துக்கொண்டோம். கட்டிலின் மேல் மடித்த துணிகளும் என் பள்ளிக்கூடப் பையும் இருந்தன.

அத்தை எங்களோடுதான் இருந்தாள். அப்பாவுக்கு நேர் இளையவள். ஒரு பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். அப்பா இருக்கும்போதே அவளுக்கு வடமதுரையில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். துக்கத்தால் கல்யாணம் ஒரு வருடம் தள்ளிப்போயிற்று. அவளுக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் காத்திருந்தார்கள் என்பதே பெரிய விஷயமென்று எல்லோரும் சொன்னார்கள். துக்கம் முடிந்ததும் மாப்பிள்ளையின் அம்மா வந்து, முதல் ஓலையைக் கோயிலில் என்றைக்கு வாசிக்கச் சொல்லலாம் என்று பேசினார். கத்தோலிக்கரான எங்கள் வழக்கத்தில் கல்யாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிற்றுக்கிழமைப் பூசைகளில் பெண், மாப்பிள்ளை பெயரை வாசிப்பார்கள். யாருக்காவது தடை இருந்தால் சொல்லலாம். பேசி முடித்து எழுந்தவர், வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே ஒன்று சொன்னார்.

"ஒரு வருசம் காத்துக் கெடந்தாச்சு. அத நான் சொல்லிக் காட்ட மாட்டேன். நீங்க என்ன செய்றீகளோ செய்ங்க. ஆனா கட்டிலு மட்டும் புதுசா இருக்கணும். துக்கம் நடந்த வீட்டுல படுத்து எந்திரிச்ச சாமான் எங்களுக்கு ஆகாது. ரெண்டாம் ஓலை வாசிச்சதும் வந்து பாப்பேன்."

எங்கள் வீட்டுக்கு இப்போது பொறுப்பு பெரியப்பா. அப்பாவின் அண்ணன். வெங்காய மண்டியில் கணக்கு எழுதுகிறவர். "புதுசுதாங்க. ஆர்டரே குடுத்தாச்சே" என்று சொல்லிவிட்டார். அந்த அம்மாள் தெருமுனை திரும்பும்வரை சிரித்த முகத்தோடு நின்றார். பிறகு உள்ளே வந்து நேராக எங்கள் அறைக்குப் போய்க் கட்டிலைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம்.

"அம்புட்டும் கெட்டி மரம். ஈட்டி மரத்துக் கலர ஏத்தி நிறுத்துனோம்னா செஞ்ச வெள்ளக்காரனே வந்தாலும் கண்டுபிடிக்க மாட்டான்."

"எனக்குக் கட்டிலே வேணாம்ணே," என்றாள் அத்தை.

"ஒனக்கு வேணாம். அந்தம்மாவுக்கு வேணும்ல." பெரியப்பா அம்மா பக்கம் திரும்பினார். "நீ என்னம்மா சொல்ற?"

"எனக்கென்ன அத்தான். சும்மாதான கெடக்கு," என்றாள் அம்மா. கட்டிலின் மேலிருந்த துணிகளை அப்போதே எடுத்து அலமாரியில் வைக்கத் தொடங்கினாள்.

பாலிஷ்காரர் அடுத்த வாரம் வந்தார். வெற்றிலைக் காவி ஏறிய பல், கையில் இரண்டு தகர டப்பா, ஒரு மூட்டைக் கந்தல். கட்டிலைக் கழற்றிப் பின்தாழ்வாரத்துக்குக் கொண்டுபோனார்கள். அக்கம்பக்கத்தார் கண்ணில் படாமல் வேலை நடக்கவேண்டும் என்பது பெரியப்பாவின் உத்தரவு. பாலிஷ்காரர் பலகையை விரலால் சுண்டினார். நகத்தால் கீறினார்.

"என்ன மரம்ணே இது?"

"செர்ரி."

"பன்னுல வைப்பாய்ங்களே, அதா?"

"அதேதான்னு என் தம்பி சொல்லுவான்."

"சரித்தான். வேம்பு பாத்தாச்சு, வாகை பாத்தாச்சு, இப்பப் பன்னு மரமும் பாத்தாச்சு." அன்றிலிருந்து அவருக்கு அது பன்னு மரம்தான்.

கண்ணாடிச் சில்லால் பழைய வார்னிஷைச் சுரண்டி எடுத்தார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க மரம் வெளுத்து, இளஞ்சிவப்பாக, காய்ச்சலில் கிடந்து எழுந்த உடம்பின் நிறத்துக்கு வந்தது. சாயப்பொடியைத் தண்ணீரில் கரைத்து, ஒரு டப்பாவில் ஈட்டி நிறத்தை உண்டாக்கினார். துணியில் தோய்த்துத் தலைமாட்டுப் பலகையில் ஒரே இழுப்பாக இழுத்தார். அவருடைய கை வீச்சைப் பார்த்து நான் மயங்கிப்போனேன். சற்று நேரத்தில் அவர் வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

பலகை முழுவதும் திட்டுத் திட்டாக இருந்தது. ஓர் இடத்தில் சாயத்தை வாரிக் குடித்துக் கறுத்தது. அதற்குப் பக்கத்திலேயே குடிக்காமல் வெளுத்து நின்றது. மழைக்கு முந்திய மேகம்போல ஒழுங்கே இல்லாத கறுப்பு. அது போதாதென்று மேலே, இடமும் வலமுமாக, இரண்டு வட்டங்கள். சாயம் அந்த இடங்களில் ஒட்டவே இல்லை. முத்து முத்தாகத் திரண்டு வழிந்தது. இடது வட்டம் பெரிது, உயரமானது. வலது வட்டம் சிறியது, சற்றே கீழே.

"எண்ணெ," என்றார் பாலிஷ்காரர். "தலையில தேச்ச எண்ணெ. பல வருசத்து எண்ணெ. உள்ளுக்குள்ள எறங்கிக் கெடக்கு."

அத்தை என்னைப் பார்த்தாள். அம்மா சமையல்கட்டு வாசலில் நின்று பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இரண்டு வட்டங்களும் யாருடையவை என்று எனக்கும் தெரிந்தது. வார்னிஷுக்கு அடியில் மறைந்திருந்தவை இப்போதுதான் வெளியே வந்திருந்தன. அவர்கள் இருவரும் உட்கார்ந்திருப்பதைப் பின்னாலிருந்து பார்ப்பதுபோல இருந்தது.

பாலிஷ்காரர் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தார், ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார், மறுபடி உப்புத்தாள் போட்டார். சாயம் பூசினால் வட்டங்கள் திரும்ப வந்தன. முதல் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை அவர் வேலைக்கு வரவில்லை. அன்றைக்குத்தான் அத்தைக்கு ஒரு யோசனை தோன்றியது. எண்ணெய்த் தலைக்கு என்ன போடுகிறோம்? சீயக்காய். எண்ணெய்ப் பலகைக்கும் அதைத்தானே போடவேண்டும்? பெரியப்பா இதைக் கேட்டு, "படிச்ச பிள்ளைன்னா சும்மாவா" என்றார். பலகையைத் துவைக்கிற கல்லின் மேல் சாய்த்து வைத்தார்கள். அத்தை ஒரு கிண்ணத்தில் சீயக்காய்த் தூளைக் குழைத்தாள்.

அதுவரை எதிலும் தலையிடாத அம்மா வந்து கிண்ணத்துக்குக் கை நீட்டினாள். "குடு, நான் தேய்க்கிறேன்."

இடது வட்டத்தில் சீயக்காயை அப்பி, உள்ளங்கையால் சுழற்றிச் சுழற்றித் தேய்த்தாள். பிறகு விரல் நுனிகளால் தேய்த்தாள். நான் செம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். ஒரு கையால் தண்ணீரை ஊற்றி, மற்றொரு கையை வட்டத்துக்குக் கீழே குவித்து வைத்துக்கொண்டாள், நுரை கண்ணுக்குள் வழியாமல் தடுக்கிறவர்கள் வைப்பதுபோல. பலகைக்குக் கண் ஏது? எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தேன். வேறு யாரும் சிரிக்காததால் பாதியில் நிறுத்திக்கொண்டேன். வலது வட்டத்தை அத்தை தேய்த்தாள்.

மறுநாள் காலை பாலிஷ்காரர் பலகையைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார். தண்ணீர் பட்டு மரத்தின் நார் முழுவதும் எழுந்து நின்றது. சீயக்காய் வழிந்த இடமெல்லாம் பழுப்பாகக் கோடு விழுந்திருந்தது.

"குளிப்பாட்டிட்டீகளா? நல்லாருக்கு. குளிப்பாட்டுனவுக தலையத் துவட்டிச் சாம்பிராணி போட்டீகளா இல்லையா?"

"கோவிச்சுக்காதப்பா. எண்ணெ போகட்டும்னுதான்," என்றார் பெரியப்பா.

"எண்ணெ போகுதோ இல்லையோ, நான் போயிருவேன் போல."

அவர் போகவில்லை. திரும்பவும் முதலிலிருந்து தேய்த்தார். ஒன்றைச் சொல்லவேண்டும்: சீயக்காய் வீண்போகவில்லை. இந்த முறை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தபோது இரண்டு வட்டங்களும் மிகவும் மங்கிவிட்டன. வலது வட்டம் கிட்டத்தட்டப் போய்விட்டது. ஒரு நாள் காயட்டும், நாளைக்குச் சாயம் வைத்துப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு அவர் மதியச் சாப்பாட்டோடு வீட்டுக்குப் போனார்.

அன்று எனக்கு அரைநாள் பள்ளிக்கூடம். நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவியிருந்தாள். அப்பா இறந்த பிறகு அவள் எண்ணெய் வைத்து நான் பார்த்ததில்லை. தலை செம்பட்டையாகப் பறந்துகொண்டு, பார்க்கிற எல்லோரையும் "இப்படியே இருந்தா எப்படிம்மா" என்று கேட்கவைத்தபடி இருந்தாள். இப்போது வகிடெடுத்து, நெற்றியோரம் மின்ன, காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு வழிய நின்றாள். எனக்கு அளவில்லாத சந்தோஷம். அம்மாவுக்குச் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு முதுகில் முகம் புதைத்து அந்த வாசனையை முகர்ந்தேன். அன்று இரவு ஜெபத்தில் அதற்காகச் சேசுவுக்கு நன்றிகூடச் சொன்னேன்.

மறுநாள் பாலிஷ்காரர் சாயத்தை வைத்தார். இடது வட்டம் பளிச்சென்று வந்தது.

"அண்ணே, இங்க வாங்க. நேத்து ஸ்பிரிட்டு போட்டுத் துடைச்ச எடம். இப்ப விரல வச்சுப் பாருங்க."

பெரியப்பா விரல் வைத்தார். வழுக்கியது. பாலிஷ்காரர் தேய்த்து, துடைத்து, காயவைத்துவிட்டுப் போனார். அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். வலது பக்கம் சுத்தமாக இருந்தது. இடது பக்கத்தில் மட்டும் புதிதாக எண்ணெய் ஊறியிருந்தது.

"மரம் எண்ணெய் கக்குதுண்ணே," என்றார் பாலிஷ்காரர். முதலில் அதைச் சிரிப்பாகத்தான் சொன்னார். பிறகு அவர் குரல் இறங்கிவிட்டது. "யாரு பக்கம்ணே அது?"

பெரியப்பா சட்டையை மாட்டிக்கொண்டு நேராகப் பங்குச் சாமியாரிடம் போய், தம்பியின் ஆன்ம இளைப்பாற்றிக்கு ஒரு பூசை கேட்டார். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், வார நாளில், காலைப் பூசையில், கூட்டமில்லாமல் என்று சொல்லிக் கேட்டாராம். கல்யாண ஓலை வாசிக்கிற கோயிலிலேயே கல்யாணப் பெண்ணின் அண்ணனுக்கு இப்போது எதற்குத் திடீர்ப் பூசை என்று யாராவது கேட்டுவிடக்கூடாது அல்லவா? திரும்பும்போது ஒரு பாட்டிலில் தீர்த்தமும் வாங்கிவந்து பலகையில் தெளித்தார். பாலிஷ்காரர் எங்கள் வேதக்காரர் இல்லை. அவரும் கைகட்டி நின்றார். தீர்த்தம் எண்ணெயில் ஒட்டாமல் உருண்டு ஓடியது.

"எனக்குப் பயமா இருக்குண்ணே," என்றார் அவர். "செத்தவரு எடத்த விட மாட்டேங்குறாரு. நாளைக்கு ஒருநாள் பாக்குறேன். சரி வரலேன்னா டப்பாவத் தூக்கிட்டுப் போயிருவேன். கூலி வேணாம்."

அவர் போனால் பேசாமல் போகமாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். டீக்கடையில் சொல்வார். டீக்கடையிலிருந்து வடமதுரைக்கு அதிக தூரமில்லை. கல்யாணத்துக்காக லீவில் இருந்த அத்தை அன்று சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் ஓலை. பூசை முடிந்ததும் மாப்பிள்ளையின் அம்மா கட்டில் பார்க்க வருவார்.

அன்று பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. மதியம் நான் பின்தாழ்வாரத்துக்குப் போனேன். வீட்டில் பெரியப்பா இல்லை. அம்மா அங்கே இருந்தாள். அவள் எப்போதும் தரையில் உட்காருகிறவள். அன்று சமையல்கட்டு முக்காலியைக் கொண்டுவந்து, சுவரில் சாத்தியிருந்த பலகையை ஒட்டிப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்திருந்தாள். தலையைப் பின்னால் பலகையில் சாய்த்திருந்தாள். அவளுடைய வலது பக்கத்தில் அல்ல, அப்பாவின் பக்கத்தில். கண் மூடியிருந்தது. கையில் வேலை எதுவும் இல்லை. அசதியாக இருக்கும் என்று நினைத்து நான் சத்தம் போடாமல் நின்றேன்.

அத்தை எனக்குப் பின்னால் வந்து நின்றதை நான் முதலில் கவனிக்கவில்லை.

"மதினி," என்றாள் அத்தை.

அம்மா கண்ணைத் திறந்தாள். எழுந்திருக்கவில்லை.

"வர்ற ஞாயித்துக்கெழம ரெண்டாம் ஓலை மதினி."

"தெரியும்," என்றாள் அம்மா. "செத்த நேரம் இருந்துக்கிறேன்" என்றாள்.

அத்தை அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.  என் தோளைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு, பின்வாசல் கதவைச் சாத்தி, அதன் மேல் முதுகை வைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் ஏன் கதவைச் சாத்தினாய் என்று கேட்டேன். வெயில் வருகிறது என்றாள். சாயங்காலம்வரை அவள் அந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மா சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் கேட்டு வந்தபோதும் உட்கார்ந்தபடியே, "மதினி தூங்குறாக, அப்புறம் வாங்க" என்று அனுப்பிவிட்டாள்.

மறுநாள் காலை பாலிஷ்காரர் பலகையைத் தொட்டார். தொட்ட விரலைப் பெரியப்பாவிடம் காட்டினார். டப்பாவைத் தூக்கக் குனிந்தபோது அத்தை பேசினாள்.

"அது நான்தான். மத்தியானம் அங்கதான் காத்து வருது. எண்ணெத் தலையோட சாஞ்சு படுத்துட்டேன்."

"தெனமுமா?" என்றார் பெரியப்பா.

"தெனமும்தான்."

பெரியப்பாவின் முகம் முதலில் தெளிந்தது. பிறகு சிவந்தது. "அறிவிருக்கா ஒனக்கு? நான் பூசைக்குச் சொல்லி, தீர்த்தம் தெளிச்சு, தூக்கமில்லாம கெடக்குறேன். கல்யாணப் பொண்ணுக்குச் சாயிறதுக்கு வேற சுவரே கெடைக்கலயா? இம்புட்டு வயசாச்சு, கூறு வேணாம்?"

பாலிஷ்காரர் உயிர் வந்தவர்போல ஆகிவிட்டார். வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, "கட்டிலு எங்கயும் போயிராது தாயி. மாப்ள வரட்டும், ரெண்டு பேருமாச் சாயலாம்" என்றார். பெரியப்பாகூடச் சிரித்துவிட்டார். அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். அவள் காது சிவந்திருந்தது. சாய்ந்தது அம்மா என்பது எனக்குத் தெரியும். அத்தை எதையும் எளிதில் மறந்துவிடுகிறவள் என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு. யார் சாய்ந்தார்கள் என்பதையும் மறந்து மாற்றிச் சொல்கிறாள் என்று நினைத்தேன். திருத்தலாமென்று வாயைத் திறந்தபோது அவள் என் கையை வலிக்கிற மாதிரி அழுத்தினாள். சமையல்கட்டில் பாத்திரம் துலக்குகிற சத்தம் கொஞ்ச நேரம் நின்று, மறுபடி தொடங்கியது.

அதற்குப் பிறகு எண்ணெய் வரவில்லை. ஆனால் திட்டுகள் போகவில்லை, அவை மரத்தின் குணம். அதற்கு வழி கிடைத்தது ஒரு கைத்தவறலில். அரக்கைப் போட்டு ஊறவைத்த ஸ்பிரிட் டப்பா உருண்டு, கட்டிலின் ஒரு கால் முழுவதும் நனைந்துவிட்டது. பாலிஷ்காரர் வைதுகொண்டே துடைத்தார். காய்ந்த பிறகு அந்தக் காலுக்குச் சாயம் வைத்தபோது அதில் மட்டும் ஒரு திட்டு இல்லை. நான்கு கால்களில் அது ஒன்றுதான் ஈட்டிபோல நின்றது. பாலிஷ்காரர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு அது தனக்கு முன்பே தெரியும் என்பதுபோலப் பேசத் தொடங்கினார்.

"திமிரு புடிச்ச மரம்ணே இது. ஒரு எடத்துல குடிக்கும், ஒரு எடத்துல துப்பும். மொதல்ல அரக்குத் தண்ணிய நீர்க்கக் குடுத்து வாயை அடைச்சிறணும். அப்புறம் நம்ம சொன்னபடி கேக்கும்."

எல்லாவற்றையும் வழித்துவிட்டு, அரக்கை நீர்க்கக் கரைத்து ஒரு கை பூசினார். காய்ந்ததும் தேய்ந்த உப்புத்தாளால் தடவிவிட்டார். சாயத்தையும் ஒரேயடியாகப் பூசாமல், ஸ்பிரிட்டில் கலந்து, பஞ்சைத் துணியில் பொதிந்து, மெலிதாக, ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றினார். பலகை கொஞ்சம் கொஞ்சமாக இருட்டியது. இடது வட்டம் சனிக்கிழமை காலைவரை, எங்கே என்று தெரிந்தவர்களுக்கு மட்டும், ஒரு நிழலாகத் தெரிந்தது. மதியத்துக்குப் பிறகு தெரியவில்லை. நான் பக்கவாட்டில் நின்று பார்த்தேன், ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். எங்கும் ஒரே நிறம்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் அம்மா வந்தார். அறையில் கட்டில் மாட்டி நிறுத்தப்பட்டிருந்தது. புது மெத்தை விரித்திருந்தது. அவர் சட்டத்தைத் தட்டிப் பார்த்தார். அடியில் குனிந்து பார்த்தார். தலைமாட்டுப் பலகையை உள்ளங்கையால் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடவினார்.

"மொகம் பாக்கலாம் போல இருக்கே. எந்தக் கடையில?"

"மதுரையில," என்றார் பெரியப்பா.

"ஈட்டிதான?"

"ஈட்டிதாங்க."

அத்தை கதவோரம் நின்று சேலை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா கட்டிலில் ஏறி உட்கார்ந்தார். ஆட்டிப் பார்த்தார். திருப்தியோடு பெருமூச்சு விட்டு, காலை நீட்டி, பின்னால் பலகையில் தலையைச் சாய்த்தார். இடது பக்கம். பெரியப்பாவின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. அந்த அம்மாளுக்கு நிறைய முடி, நிறைய எண்ணெய். எழுந்தபோது புதுப் பாலிஷில் உள்ளங்கை அளவுக்கு ஒரு மங்கல் படிந்திருந்தது.

சமையல்கட்டிலிருந்து காப்பித் தட்டோடு வந்த அம்மா அதைப் பார்த்தாள். தட்டை அத்தையின் கையில் கொடுத்துவிட்டுப் போய், சேலைத் தலைப்பால் அந்த இடத்தைத் துடைத்தாள். ஒருமுறை துடைத்துவிட்டு, வாயால் ஆவி ஊதி, மறுபடி துடைத்தாள். மங்கல் போன பிறகும் துடைத்தாள்.

"எண்ணெ பட்டா நின்னுரும்," என்றாள், யாரையும் பார்க்காமல்.

"பொருளப் பேணத் தெரிஞ்ச பொண்ணு," என்றார் மாப்பிள்ளையின் அம்மா பெரியப்பாவிடம். "எங்க வீட்டுலயும் நான் இப்பிடித்தான் சொல்லுவேன். எவ கேக்குறா?" காப்பியைக் குடித்துவிட்டு, மூன்றாம் ஓலைக்குப் பிறகு வருகிற புதன்கிழமையைக் கல்யாணத்துக்கு உறுதி செய்துவிட்டுப் போனார்.

கல்யாணத்துக்கு முந்திய நாள் ஒரு மினி லாரி வந்து கட்டிலை ஏற்றிக்கொண்டு போனது. அத்தை அதற்குள் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தாள். அங்கிருந்துதான் பெண் அழைப்பு. லாரிக்காரர்கள் பலகையைச் சாக்குப்படுதாவால் மூடிக் கட்டினார்கள். அம்மா வாசலுக்கு வரவில்லை. அறையைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

மதியம் சாப்பிட்ட பிறகு அவள் பாயை விரித்தாள். வழக்கமான இடத்தில் அல்ல, கட்டில் இருந்த இடத்தில். சிமெண்டுத் தரையில் நான்கு கால்களும் நின்ற இடங்கள் கறுப்பாக இருந்தன. பாயை அந்த நான்குக்கும் நடுவே சரியாக வரும்படி இழுத்து இழுத்து வைத்தாள். எனக்கு அறை திடீரென்று பெரிதாகிவிட்டதுபோல இருந்தது. கைகால் நீட்டி உருள இடம் கிடைத்ததே என்று பாயின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு உருண்டேன். அம்மா வலது ஓரத்தில் சுருண்டு படுத்திருந்தாள். என்னைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அந்தப் பக்கம் போகாத. ஈரமா இருக்கு."

கொஞ்ச நேரத்தில் அவள் மூச்சு சீரானது. நான் கையை மெதுவாக நீட்டி அந்த இடது பக்கத்தைத் தொட்டுப் பார்த்தேன். பாய் காய்ந்துதான் இருந்தது. பாய்க்கு அடியில் கையை நுழைத்துத் தரையையும் பார்த்தேன். அதுவும் காய்ந்துதான் இருந்தது. விழித்ததும் அம்மாவிடம் சொல்லவேண்டும், சொன்னால் இன்னும் கொஞ்சம் தாராளமாகப் படுப்பாள் என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போனேன்.